செவிலியப் பணியில் அறமும் விழுமியங்களும்

செவிலிய அறம் என்பது, நோயுற்றவரைப் பராமரிக்கும் பணியில் எது செய்யத்தக்கது, எது செய்யத்தகாதது, எதற்கு உடன்படக்கூடாது என்பவற்றை ஆராயும் துறையாகும். இது மருத்துவ அறத்தோடு நெருங்கிய தொடர்புடையது; எனினும் அதன் ஒரு கிளை மட்டுமன்று. மருத்துவர் ஒரு நோயாளியைச் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குச் செல்கிறார். செவிலியரோ தம் பணிநேரம் முழுவதும் அந்த வார்டிலேயே இருக்கிறார். உடலைத் துடைத்துவிடுவது, மலசலம் எடுப்பது, ஊசி போடுவது, இரவில் தூக்கம் வராதவரின் பயத்தைக் கேட்பது, இறந்தவரின் கண்களை மூடுவது ஆகிய அனைத்தும் அவர் கைவழியே நடக்கின்றன. பிறர் முன் திறக்காத உடலும் பிறரிடம் சொல்லாத செய்தியும் அவரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. இந்த நெருக்கமே செவிலியப் பணிக்கென்று தனியாக ஓர் அறநெறி தேவைப்படுவதற்குக் காரணமாகும்.

சொற்பொருள்

விழுமியம் என்பது ஒருவர் உயர்வாகக் கருதிப் போற்றும் பண்பு அல்லது நம்பிக்கை ஆகும். பரிவு, நேர்மை, மனித மாண்பு, நீதி ஆகியன விழுமியங்கள். அறநெறி என்பது அந்த விழுமியங்களை நடத்தையாக மாற்றும் வழிகாட்டுதலாகும். மனித மாண்பை மதிப்பது விழுமியம். நோயாளியின் உடையை மாற்றும்போது திரையை இழுத்து மூடவேண்டும் என்பது அதிலிருந்து பிறக்கும் நெறி. சட்டம் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. சட்டம் குறைந்த அளவு ஒழுங்கை வலியுறுத்துகிறது. நோயாளியிடம் முகம் கொடுத்துப் பேசாத செவிலியர் எந்தச் சட்டத்தையும் மீறியவர் ஆகமாட்டார்; ஆனால் அறத்தில் தவறியவர் ஆவார்.

செவிலி என்னும் சொல் சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்த்த தாயைக் குறிக்கிறது. இன்று நோயாளரைப் பராமரிக்கும் தொழில்சார் பணியாளருக்கு அச்சொல் வழங்குகிறது. இலங்கைத் தமிழர் தாதியர் என்ற சொல்லையே பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

நோயாளரைக் கவனிப்பவர் மருத்துவத்தின் இன்றியமையாத உறுப்பு என்பது தமிழ் மரபிலும் காணப்படும் கருத்தாகும். திருக்குறளின் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் (950) நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து கவனிப்பவரையும் சேர்த்து மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. அதற்கு உரை எழுதிய பரிமேலழகர், கவனிப்பவருக்கு வேண்டிய பண்புகளாக நான்கைக் குறிப்பிடுகிறார்: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னபடி செய்யும் திறன், அறிவுடைமை. இவற்றில் கடைசி இரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடங்கள் உண்டு. சொல்லப்பட்டது தவறு என்று அறிவு காட்டும்போது செவிலியர் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி, இக்காலச் செவிலிய அறத்தின் நடுவில் நிற்கிறது.

வரலாறு

கிரிமியப் போரின்போது 1854-இல் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்று பணியாற்றிய புளோரன்ஸ் நைட்டிங்கேல், 1860-இல் இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பயிற்சியும் ஒழுக்கமும் உடைய தொழிலாகச் செவிலியம் உருப்பெற்றதில் இப்பள்ளிக்குப் பெரும் பங்குண்டு. மருத்துவமனை நோயாளிக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதே அதன் முதல் கடமை என்று அவர் வலியுறுத்தினார்.

இன்றும் பல செவிலியர் கல்லூரிகளில் விளக்கேற்றி எடுக்கப்படும் நைட்டிங்கேல் உறுதிமொழி, நைட்டிங்கேல் எழுதியதன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹார்ப்பர் மருத்துவமனையைச் சார்ந்த ஃபாரண்ட் பயிற்சிப் பள்ளியில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு 1893-இல் அதை உருவாக்கியது. தூய வாழ்வு, தீங்கு தரும் மருந்தைக் கொடாமை, இரகசியம் காத்தல் ஆகியவற்றோடு, மருத்துவருக்கு உண்மையாக உதவுதலும் அதில் இடம்பெற்றது.

மருத்துவர் சொல்வதைச் செய்வதே செவிலியரின் முதன்மைக் கடமை என்ற எண்ணத்தை அசைத்த நிகழ்வு பிலிப்பைன்ஸ் நாட்டில் 1929-இல் நடந்தது. தொண்டைச் சதை அறுவைக்கு வந்த சிறுமி ஒருத்திக்கு உணர்விழப்பு மருந்தாகப் புரோக்கெய்ன் தருவதற்குப் பதிலாகக் கொக்கெய்ன் தயாரிக்குமாறு அறுவை மருத்துவர் தவறாகச் சொல்லிவிட்டார். லொரென்சா சொமேரா என்ற செவிலியர் சொன்னதைத் திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, அதன்படியே தயாரித்துக் கொடுத்தார். சிறுமி இறந்தாள். வழக்கில் மருத்துவர் விடுவிக்கப்பட்டார். செவிலியருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உலகெங்குமிருந்து செவிலியர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தபின் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. மேலிடத்து உத்தரவு செவிலியரைப் பொறுப்பிலிருந்து காப்பாற்றாது என்பதை இவ்வழக்கு செவிலிய உலகத்துக்கு உணர்த்தியது. செய்யும் கை எவருடையதோ, பொறுப்பும் அவருடையது.

பன்னாட்டுச் செவிலியர் மன்றம் தன் அறநெறித் தொகுப்பை 1953-இல் ஏற்றுக்கொண்டது. மருத்துவரின் ஆணைகளை நிறைவேற்றுவது அதிலும் ஒரு கடமையாகவே இருந்தது. 1973-இல் செய்யப்பட்ட திருத்தத்தில் அந்த விதி நீக்கப்பட்டு, செவிலியரின் முதன்மைப் பொறுப்பு பராமரிப்பு வேண்டியிருக்கும் மக்களுக்கே உரியது என்று மாற்றப்பட்டது. இருபது ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றம், மருத்துவரை நோக்கியிருந்த கடமையை நோயாளியை நோக்கித் திருப்பியது. 2021-இல் திருத்தப்பட்ட தொகுப்பு நான்கு பகுதிகளை உடையது: செவிலியரும் நோயாளரும், செவிலியரும் பணிநடைமுறையும், செவிலியரும் தொழிலும், செவிலியரும் உலக நலமும்.

இந்தியாவில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் பதிவுக்கான சட்டம் 1926-இல் வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1947-இல், இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. அம்மன்றம் செவிலியருக்கான அறநெறித் தொகுப்பையும் தொழில்சார் நடத்தை விதிகளையும் வெளியிட்டது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

அடிப்படைக் கோட்பாடுகள்

அமெரிக்க அறிஞர்கள் டாம் போச்சாம்ப், ஜேம்ஸ் சில்ட்ரெஸ் இருவரும் 1979-இல் வெளியிட்ட நூலில் மருத்துவ அறத்துக்கு நான்கு கோட்பாடுகளை வகுத்தனர். செவிலியக் கல்வியிலும் இவை அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

தன்னாட்சி: தன் உடலைப் பற்றிய முடிவை எடுக்கும் உரிமை நோயாளிக்கே உண்டு. மருந்து வேண்டாம் என்று ஒருவர் மறுத்தால், அதன் விளைவை அவருக்குப் புரியும்படி விளக்குவது செவிலியரின் கடமை. அதட்டியோ ஏமாற்றியோ கொடுப்பது தவறு.

நன்மை செய்தல்: ஒவ்வொரு செயலும் நோயாளியின் நலனை நோக்கியதாக இருக்கவேண்டும். செவிலியரின் வசதிக்காகவோ நிறுவனத்தின் வருமானத்துக்காகவோ செய்யப்படுவது இதில் சேராது.

தீங்கு செய்யாமை: ஊசி வலிக்கவே செய்யும்; ஆனால் தேவையற்ற வலியும் கவனக்குறைவால் வரும் கேடும் தவிர்க்கப்படவேண்டும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்து சரிபார்ப்புகள் இக்கோட்பாட்டின் நடைமுறை வடிவமாகும்.

நீதி: சாதி, மதம், பால், பணம், நோயின் வகை ஆகியவற்றைக் கருதாமல் தேவைக்கேற்பக் கவனிப்பைப் பங்கிடுவது.

இந்த நான்கோடு, உண்மை பேசுதல், கொடுத்த வாக்கைக் காத்தல், இரகசியம் பேணுதல் ஆகிய மூன்றும் செவிலியத்தில் சேர்த்துச் சொல்லப்படும். "பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று வலியோடு இருப்பவரிடம் சொல்லிச் சென்ற செவிலியர் திரும்பி வருவது வாக்குக் காத்தலாகும். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்.

கோட்பாடுகளை மட்டும் வைத்து அறத்தை விளக்கிவிட முடியாது என்று வாதிடுவோரும் உண்டு. கரோல் கில்லிகன் 1982-இலும், நெல் நோடிங்ஸ் 1984-இலும் வெளியிட்ட நூல்கள் பராமரிப்பு அறம் என்ற சிந்தனையை வளர்த்தன. பொது விதியை எடுத்துப் பொருத்திப் பார்ப்பதைவிட, எதிரில் இருக்கும் மனிதருக்கு இப்போது என்ன தேவை என்று உணர்ந்து செயல்படுவதே அறத்தின் தொடக்கம் என்பது இச்சிந்தனையின் சாரம். செவிலியர் பணியின் இயல்போடு இது பொருந்துவதால் செவிலியக் கல்வியில் இதற்குத் தனி இடம் உண்டு.

தொழில்சார் விழுமியங்கள்

மனித மாண்பு, நேர்மை, பரிவு, சமத்துவம், தொழில்திறன் ஆகியன செவிலிய விழுமியங்களாகப் பரவலாக ஏற்கப்பட்டவை. இங்கிலாந்தில் 2012 டிசம்பரில் வகுக்கப்பட்ட செவிலியர் செயல்திட்டம் பராமரிப்பு, பரிவு, திறமை, தொடர்பாடல், துணிவு, ஈடுபாடு ஆகிய ஆறையும் அடிப்படை விழுமியங்களாக அறிவித்தது. அவற்றில் துணிவும் இடம்பெற்றது கவனிக்கத்தக்கது. மற்ற ஐந்தும் இருந்து துணிவு இல்லையென்றால், தவறு நடக்கும்போது நல்ல செவிலியரும் வாய்மூடி நிற்க நேரிடும்.

தொழில்திறனும் ஒரு விழுமியமே. அன்பாகப் பேசத் தெரிந்து, சொட்டு மருந்தின் வேகத்தைக் கணக்கிடத் தெரியாத செவிலியரால் நோயாளிக்குக் கேடு வரலாம். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுக்கொள்வதும், தொடர்ந்து படிப்பதும் அறக்கடமைகளாகக் கருதப்படுகின்றன.

அன்றாடப் பணியில் எழும் கேள்விகள்

ஒப்புதல்

அறுவைக்கு முன் நோயாளியிடம் கையொப்பம் வாங்கும் படிவத்தைப் பெரும்பாலும் செவிலியரே கொண்டுவருகிறார். கையொப்பம் மட்டுமே ஒப்புதல் ஆகாது. என்ன செய்யப்போகிறார்கள், ஏன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பவற்றைப் புரிந்துகொண்டு தருவதே ஒப்புதலாகும். அதை விளக்கும் பொறுப்பு மருத்துவருடையது. நோயாளிக்குப் புரியவில்லை என்று தெரிந்தால், கையொப்பத்தை நிறுத்திவைத்து மருத்துவரை மீண்டும் அழைப்பது செவிலியரின் பொறுப்பு.

குடும்பத்தாரின் ஒப்புதல் போதும் என்ற எண்ணம் நம் நாட்டில் பரவலாக உள்ளது. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் இதைத் தெளிவுபடுத்தியது. பரிசோதனைக்காக மயக்க நிலையில் இருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும், வெளியே காத்திருந்த தாயின் ஒப்புதலை மட்டும் பெற்று அகற்றப்பட்டன. முடிவெடுக்கும் தகுதியுள்ள வயதுவந்தவருக்குப் பதிலாக, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், வேறொருவர் தரும் ஒப்புதல் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது.

உண்மை சொல்லுதல்

"அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர், தாங்கமாட்டார்" என்று மகனோ மகளோ தாழ்வாரத்தில் கேட்டுக்கொள்வது தமிழகத்து மருத்துவமனைகளில் வழக்கமான காட்சியாகும். அன்று இரவே அந்த அப்பா, "எனக்கு என்னம்மா? எவரும் சொல்லமாட்டேன் என்கிறார்களே" என்று செவிலியரிடம் கேட்பார். பொய் சொன்னால் நம்பிக்கை உடையும். நோயின் பெயரைச் செவிலியரே தனித்து அறிவித்தால் முறை மீறலாகும்.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. நோயாளிக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேட்டறிதல். அவர் கேட்டதை மருத்துவரிடம் தெரிவித்தல். குடும்பத்தாரிடம், அவர் ஏற்கனவே சந்தேகப்படுகிறார், தனியாகப் பயப்படுகிறார் என்பதை எடுத்துச்சொல்லுதல். சொல்லும் நேரத்தில் உடனிருத்தல். குடும்பத்தின் அச்சம் அன்பிலிருந்து வருவது என்பதால் அதையும் மதிக்கவேண்டும். ஆனால் நோய் குடும்பத்துடையதன்று, அவருடையது.

இரகசியம்

நோயாளியைப் பற்றிய செய்தி அவருடைய சிகிச்சையில் பங்குள்ளோருக்கு மட்டுமே உரியது. பேருந்திலோ லிஃப்டிலோ பேசுவதும், வாட்ஸ்அப் குழுவில் படம் பகிர்வதும் மீறலாகும். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இரகசியத்தைச் சட்டப் பாதுகாப்புள்ள உரிமையாக ஆக்கின. ஒருவருக்கு எச்.ஐ.வி இருப்பதைக் குறிக்கும் அட்டையை எல்லாரும் பார்க்கும்படி படுக்கையில் மாட்டுவது அறத்துக்கும் இச்சட்டத்தின் நோக்கத்துக்கும் மாறானது. தொற்றைத் தடுப்பதற்கு அட்டை தேவையில்லை. எல்லா நோயாளியிடமும் ஒரே மாதிரியான தடுப்பு முறைகளைக் கையாண்டாலே போதும். எனினும் இரகசியம் எல்லையற்றதன்று. குழந்தை வன்கொடுமை, அறிவிக்கப்படவேண்டிய தொற்றுநோய் போன்றவற்றைச் சட்டப்படி உரியவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும்.

பிழையை ஒப்புக்கொள்ளுதல்

மருந்துப் பிழை நேர்ந்தால் உடனே தெரிவிப்பதே நோயாளியைக் காப்பாற்றும் வழி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2017 டிசம்பரில், அமைதிப்படுத்தும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து தவறாகத் தரப்பட்டு முதிய நோயாளி ஒருவர் இறந்தார். தவறைத் தாமே ஒப்புக்கொண்ட செவிலியர் மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டது. 2022-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. எச்சரிக்கைகளைக் கவனியாதது பெரும் தவறு என்று ஒரு சாராரும், ஒப்புக்கொண்டவரைச் சிறைக்கு அனுப்ப முயன்றால் இனி எவரும் பிழையை வெளியே சொல்லமாட்டார் என்று செவிலியர் அமைப்புகளும் வாதிட்டன. தண்டனைக்குப் பயந்து மறைக்கப்படும் பிழை அடுத்த நோயாளிக்கும் நேரும். ஆகவே, வேண்டுமென்றே செய்யும் அலட்சியத்தையும் மனிதத் தவறையும் பிரித்துப் பார்க்கும் நேர்மையான பணிச்சூழல் வேண்டும் என்பது பரவலான கருத்தாகும்.

வரலாறு காட்டும் எடுத்துக்காட்டுகள்

டஸ்கிகீ ஆய்வு: அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தில் சிபிலிஸ் நோய் பற்றிய ஆய்வொன்றை நடத்தியது. ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 399 பேருக்கு நோய் இருந்தது. "கெட்ட இரத்தம்" என்று மட்டுமே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 1940-களில் பெனிசிலின் ஏற்கப்பட்ட சிகிச்சையான பின்னரும் அது தரப்படவில்லை. இந்த நாற்பது ஆண்டுகளும் அம்மக்களுக்கும் ஆய்வுக்கும் பாலமாக இருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர். அவர் அவர்களை அன்போடு கவனித்தார். வண்டியில் அழைத்துச் சென்றார். அவர்களும் அவரை நம்பினர். அந்த நம்பிக்கையே ஆய்வு தொடர்ந்து நடக்க உதவியது. அவர் மருத்துவரின் சொல்லை மீறும் நிலையில் இருந்தாரா, அறிந்தே உடன்பட்டாரா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. பரிவு மட்டும் போதாது; அந்தப் பரிவு எதற்குப் பயன்படுத்தப்படுகிறது என்றும் கேட்கவேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

ஸ்டாஃபர்ட் மருத்துவமனை: இங்கிலாந்தின் இம்மருத்துவமனையில் 2005-க்கும் 2009-க்கும் இடையே நோயாளிகள் கவனிப்பாரற்று விடப்பட்டது பற்றிய பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில் வெளியாகி, 290 பரிந்துரைகளை முன்வைத்தது. அவசரப் பிரிவில் நோயாளிகளை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்துவிடவேண்டும் என்ற இலக்கை எட்டியதாகக் காட்டக் காத்திருப்பு நேரங்கள் பொய்யாகப் பதியப்பட்டதை ஹெலன் டொனலி என்ற செவிலியர் எழுத்துமூலம் முறையிட்டார். அதற்காக அவர் சக பணியாளர்களின் மிரட்டலைச் சந்தித்தார். நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் அதை வெளிப்படையாகத் தெரிவிக்கவேண்டும் என்ற சட்டக் கடமை 2014-இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது.

யூட்டா நிகழ்வு: அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் 2017 ஜூலை 26 அன்று, விபத்தில் தீக்காயமடைந்து நினைவிழந்து கிடந்த ஓட்டுநரின் இரத்தத்தை எடுக்கவேண்டும் என்று காவல் அதிகாரி கேட்டார். நோயாளியின் ஒப்புதல், நீதிமன்ற ஆணை, கைது ஆகிய மூன்றில் ஒன்றும் இல்லாததால், மருத்துவமனை விதியை எடுத்துக்காட்டி அலெக்ஸ் வபெல்ஸ் என்ற செவிலியர் மறுத்தார். அவர் கைவிலங்கிட்டு இழுத்துச் செல்லப்பட்டார். வழக்கு எதுவும் பதியப்படாமல் பின்னர் விடுவிக்கப்பட்டார். அந்த அதிகாரி பணிநீக்கம் செய்யப்பட்டார். பேசமுடியாத நோயாளிக்காகப் பேசுவதே செவிலியரின் வாதாடும் கடமை என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும்.

அருணா சான்பாக்: மும்பை கே.இ.எம் மருத்துவமனையின் இளம் செவிலியரான அருணா சான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அங்குள்ள ஊழியர் ஒருவரால் நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானார். மூளைக்கு இரத்தம் செல்லாமல் நினைவு திரும்பாத நிலைக்குச் சென்றார். அதே மருத்துவமனையின் செவிலியர்கள், ஒரு தலைமுறை ஓய்வுபெற்று அடுத்த தலைமுறை வந்த பின்னும், 2015 மே 18 அன்று அவர் இறக்கும் வரை கவனித்துக்கொண்டனர். அவருக்கு உணவளிப்பதை நிறுத்த அனுமதிக்குமாறு எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த மனுவை உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 அன்று ஏற்க மறுத்தது. அவர் சார்பில் பேசும் உரிமை நாள்தோறும் கவனித்துவரும் மருத்துவமனைப் பணியாளர்களுக்கே உண்டு என்றது. ஆயினும் தகுந்த கட்டுப்பாடுகளோடு உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. 2018-இல் அரசியல் சாசன அமர்வு, மாண்போடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்று உறுதிசெய்தது. அருணாவின் துன்பம் நீட்டிக்கப்பட்டது என்று கருதியவரும், கைவிட எங்களுக்கு உரிமையில்லை என்று கருதிய செவிலியரும் இரக்கத்தின் பெயராலேயே பேசினர்.

அறச்சிக்கலும் அறத்துயரும்

இரண்டு நன்மைகள் மோதி, எதைத் தேர்ந்தாலும் மற்றொன்று இழக்கப்படும் நிலை அறச்சிக்கல் எனப்படும். மேற்கண்ட அருணாவின் நிலை இவ்வகையைச் சார்ந்தது.

அறத்துயர் வேறு வகையானது. எது சரி என்று செவிலியருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஆள் பற்றாக்குறை, மேலிட அழுத்தம், நிறுவன விதி ஆகியவற்றால் அதைச் செய்யமுடியாத நிலை இருக்கும். அமெரிக்க அறிஞர் ஆண்ட்ரூ ஜேமட்டன் 1984-இல் செவிலியர்களின் அனுபவத்திலிருந்து இக்கருத்தை வகுத்தார். பிழைக்க வாய்ப்பில்லாதவருக்குக் குழாய்மேல் குழாய் செருகச் சொல்லப்படும்போதும், பணம் கட்டாததால் சிகிச்சை நின்றுபோன குழந்தையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதும் எழுவது இதுவே. இத்துயர் திரும்பத் திரும்ப வரும்போது சிலர் பணியை விடுகின்றனர். வேறு சிலர் பணியில் இருந்துகொண்டே மனத்தை மூடிக்கொள்கின்றனர். நோயாளியைப் படுக்கை எண்ணாகப் பார்க்கும் செவிலியர் பிறவியிலேயே கல்மனம் உடையவர் அல்லர் என்பதை இக்கருத்து விளக்குகிறது.

முடிவெடுக்கும் படிகள்

அறச்சிக்கல் எழும்போது பின்வரும் படிகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

1. உண்மை நிலையைத் திரட்டுதல். நோயின் நிலை, நோயாளியின் விருப்பம், குடும்பச் சூழல் ஆகியவற்றை அறிதல். பல சிக்கல்கள் தகவல் இன்மையால் மட்டுமே சிக்கலாகத் தோன்றுகின்றன.
2. எந்த விழுமியங்கள் மோதுகின்றன என்று பெயரிட்டுச் சொல்லுதல்.
3. முடிவெடுக்கும் உரிமை யாருக்கு உள்ளது என்று தெளிவுபடுத்துதல்.
4. செய்யக்கூடிய வழிகளையும் ஒவ்வொன்றின் விளைவையும் எண்ணிப்பார்த்தல்.
5. தலைமைச் செவிலியர், மருத்துவர், மருத்துவமனை அறக்குழு ஆகியோரோடு கலந்து பேசுதல்.
6. முடிவெடுத்துச் செயல்படுதல், நடந்ததை உரிய பதிவேட்டில் எழுதுதல்.
7. பின்னர் அதைத் திரும்பிப் பார்த்தல்.

மருத்துவர் எழுதிய மருந்தளவு தவறு என்று தோன்றினால் இதே ஒழுங்கு பயன்படும். மருந்தைக் கொடாமல் நிறுத்தி, எழுதியவரிடமே கேட்கவேண்டும். பதில் நிறைவளிக்கவில்லை என்றால் தலைமைச் செவிலியரிடமும் மூத்த மருத்துவரிடமும் செல்லவேண்டும். கேட்பது அவமதிப்பாகாது, கேட்காமல் கொடுப்பதே தவறாகும்.

பணிச்சூழலும் அறமும்

செவிலியரின் அறத்தைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் பார்ப்பது முழுமையாகாது. லிண்டா ஐக்கனும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வோர் அறுவை நோயாளிக்கும், 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதாகக் கண்டது. நாற்பது படுக்கைகளுக்கு இரவில் ஒரே செவிலியர் இருக்கும் வார்டில் ஒவ்வொருவருக்கும் உரிய நேரத்தில் வலிமருந்து கிடைக்காது. அங்கே தவறுவது அந்தச் செவிலியரின் பரிவு அன்று. ஆட்களை நியமிக்காத நிர்வாகத்தின் நீதி.

செவிலியரின் உயிரும் மதிக்கத்தக்கதே. கேரளத்தின் பேராம்பிரா அரசு மருத்துவமனையில் நிபா வைரஸ் தொற்றிய நோயாளியைக் கவனித்த லினி என்ற செவிலியர், 2018 மே மாதத்தில் அதே நோயால் இறந்தார். கோவிட் காலத்திலும் உலகெங்கும் செவிலியர் பலர் உயிரிழந்தனர். தொற்றுக்கு அஞ்சி நோயாளியைக் கைவிடக்கூடாது என்பது செவிலியரின் கடமை என்றால், முகக்கவசமும் கையுறையும் பாதுகாப்பு உடையும் தருவது நிறுவனத்தின் கடமை. தேவதை என்றும் தியாகி என்றும் புகழ்வது அவற்றுக்கு ஈடாகாது. பன்னாட்டுச் செவிலியர் மன்றத்தின் 2021 தொகுப்பு, செவிலியர் தம் உடல்நலத்தையும் மாண்பையும் பேணுவதையும் அறநெறியின் பகுதியாகவே சேர்த்துள்ளது.

செவிலிய மாணவர் இந்நெறிகளைப் பாடநூலில் கற்றாலும், வார்டில் மூத்தவர்கள் நடந்துகொள்வதைப் பார்த்தே பழகுகின்றனர். மயக்கத்தில் இருக்கும் நோயாளியிடமும், "அம்மா, உங்களைத் திருப்பிப் படுக்கவைக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடும் செவிலியர் ஒருவரைப் பார்த்த மாணவிக்கு, மனித மாண்பு என்ற சொல்லை மறுபடி விளக்கவேண்டிய தேவை இராது.